75,000 ரூபாய்க்கு ஒரு ‘டம்’... தேவையா பாஸ்?

75,000 ரூபாய் கைல இருந்தா என்னெல்லாம் வாங்கலாம்? சுமாரா ஓடுற ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கலாம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு முக்காம முனகாம உழைக்கிற ஒரு லேப்டாப் வாங்கலாம். ஹாஸ்டல் மெஸ் பில்லை மொத்தமா அடைச்சுட்டு, மிச்சத்துல ஊரையே கூட்டிட்டுப் போய் பிரியாணி வாங்கித் தரலாம். ‘இதெல்லாம் யாருக்கு வேணும்... எனக்கு ஒரே ஒரு டம் போதும்’னு சொல்ற ஆட்களும் நம்ம நாட்டுல இருக்காங்க மக்களே!

அப்படி ஒருத்தர் எங்க பெரியப்பா பையன். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில, மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைதான் ஊர். டிப்ளமோ முடிச்சுட்டு செய்யாறு சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. சிகரெட் கிடையாது, ஊர் சுத்தல் கிடையாது. ஒரே பைத்தியம்... பாட்டு! மாடியில இருக்கிற அவரோட ரூம்ல, டவுன் ரேடியோ மெக்கானிக் ஒருத்தர் அசெம்பிள் பண்ணிக் கொடுத்த 5.1 செட் இருக்கு. அதுல 8 இன்ச் சப் ஊஃபர். இப்போ அதைத் தூக்கிப் போட்டுட்டு, வெளிநாட்டு கம்பெனியோட 12 இன்ச் சப் ஒண்ணு வாங்கணுமாம். விலைதான் மேலே சொன்ன 75,000. மாசம் 6,250 வீதம் ஒரு வருஷம் இ.எம்.ஐ.!

“டேய், நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே... வாங்கலாமா, வாணாமா? கரெக்டா சொல்லு”ன்னு கேட்டார் அண்ணன். பின்னாடியே பெரியப்பா குரல்... “மாடித் தளம் ஒழுவுது. அதுக்குப் பூச்சு போட காசு இல்ல. இதுல பொட்டி ஒரு கேடு!”

ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணுமே! அதான் இந்த வாரம் முழுக்க சப் ஊஃபர் மேட்டர். ஹாஸ்டல்ல 2.1 வெச்சிருக்கிறவங்க, வீட்ல ஹோம் தியேட்டர் கனவுல இருக்கிறவங்க எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க.

அந்தப் புள்ளி ஒண்ணு என்ன பாஸ்?

5.1-ல அஞ்சு ஸ்பீக்கர் சரி. அது என்ன ‘.1’? நம்ம காது சுமாரா 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும். இதுல அடிமட்டத்துல இருக்கிற 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும் தனியா ஒரு சேனல் கொடுத்தாங்க. முழு ரேஞ்சுல ரொம்பச் சின்னத் துண்டுங்கிறதால அதை ஒரு முழு சேனலா மதிக்காம ‘.1’னு சொல்லிட்டாங்க. குண்டு வெடிக்கிறது, டைனோசர் நடக்கிறது, பாலம் இடிஞ்சு விழுறது எல்லாம் அங்கதான் குடியிருக்கு.

சினிமாக்காரங்களுக்கு இந்த ஆசை ரொம்பப் பழசு. 1974-ல ‘எர்த்க்வேக்’னு ஒரு ஹாலிவுட் படம் வந்தப்போ, ‘சென்சரவுண்ட்’னு பேர் வெச்சு பூதம் மாதிரி ஸ்பீக்கர்களை தியேட்டர்ல இறக்கி, பூகம்பத்தை சீட்டுக்கே கொண்டு வந்தாங்க. 1992-ல ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ மூலமா டால்பி டிஜிட்டல் 5.1 தியேட்டருக்கு வந்தது. நம்ம ஊர்ல 1995-ல ‘குருதிப்புனல்’ டால்பி சத்தத்தோட வந்து காதைத் திறந்துச்சு. 2012-ல ‘சிவாஜி’ 3டி-யா திரும்பி வந்தப்போ டால்பி அட்மாஸ்ல வந்தது. தியேட்டர்ல கேட்ட சத்தத்தை வீட்லயும் கேட்கணும்னு ஆசைப்படுறது தப்பே இல்ல.

ஆனா ஒரு சின்ன சமாச்சாரம். இந்த ‘.1’ சேனல் சினிமாவுக்கானது. நாம கேட்கிற பாட்டுல பெரும்பாலும் லெஃப்ட், ரைட்னு ரெண்டே சேனல்தான். அதுல இருக்கிற அடிப்பகுதியை மட்டும் பிரிச்சு சப்புக்கு அனுப்புறது ‘கிராஸ் ஓவர்’ங்கிற வடிகட்டி. நிறைய பேர் அதை 80 ஹெர்ட்ஸ்ல வைப்பாங்க. அதாவது 80-க்குக் கீழ சப் வேலை பார்க்கும், மேல மத்த ஸ்பீக்கருங்க பார்த்துக்கும்.

நம்ம பாட்டு எவ்வளவு கீழ போகுது?

அண்ணன்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். “ஒரு நாள்ல எவ்வளவு நேரம் பாட்டு, எவ்வளவு நேரம் படம்?” யோசிச்சுட்டுச் சொன்னார். “முக்காவாசி பாட்டுதான்டா. ராஜா சார், ரஹ்மான், நைட்டுல கொஞ்சம் கச்சேரி. படம் ஞாயித்துக்கிழமை மட்டும்.”

இப்போ கணக்கு போடுவோம். நாலு கம்பி பேஸ் கிடாரோட தடிமனான கம்பியைச் சும்மா மீட்டினா 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுகள்ல அடியில நடந்து போகுமே பேஸ் கிடார், அதோட அடித்தளம் அங்கதான். ஒரு கட்டை சுருதியில பாடுற ஆண் பாடகரோட ஆதார சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் அதுக்கும் கீழ உறுமும். பியானோவோட கடைசி இடது கட்டை 27.5 ஹெர்ட்ஸ், ஆனா அந்தக் கட்டையில யாரும் டேரா போட்டு உட்கார்றதில்ல. சிந்தசைசர் பேஸ், ஹிப் ஹாப் பாட்டெல்லாம் 30-40 பக்கம் இறங்கும்.

அதுக்கும் கீழ? யானைங்க பேசிக்கும். சீரியஸாவே! ஆசிய யானைங்க 14-ல இருந்து 24 ஹெர்ட்ஸ்ல ஒண்ணுக்கொண்ணு பேசிக்குதுன்னு கேட்டி பெய்ன் டீம் 1986-ல ஆராய்ச்சிக் கட்டுரையா வெளியிட்டாங்க. நம்ம காதுக்குக் கேட்கிறதை விட, உடம்புக்குத் தெரியுற ஏரியா அது.

ஆக, நல்ல 8 இன்ச் சப் 45 ஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் ஒழுங்கா இறங்கினாலே, நாம கேட்கிற பாட்டுல பெரும்பங்கு உள்ள வந்துடுது. 75,000 ரூபாய் பொட்டி புதுசா கொடுக்கிறது 40-ல இருந்து 20 வரைக்குமான ஒரே ஒரு ஆக்டேவ். ஸ-வில் ஆரம்பிச்சு மேல் ஸ-வில் முடியுற ஒரு ஸ்தாயி, அவ்ளோதான். சினிமா குண்டுவெடிப்புக்கு அது தங்கம். ‘பாட்டுக்கு முக்காவாசி’ ஆளுக்கு?

அந்த ஒரு ஸ்தாயி ஏன் இவ்வளவு காஸ்ட்லி?

கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு உடனே சொல்லிட முடியாது. ஃபிசிக்ஸும் சேர்ந்துதான் பில் போடுது.

ஒரு ஸ்தாயி கீழ இறங்கி, அதே அளவு சத்தம் வரணும்னா ஸ்பீக்கர் கோன் நாலு மடங்கு காத்தைத் தள்ளணும். 8 இன்ச் கோனை 12 இன்ச்சா மாத்தினா பரப்பளவு சுமார் 2.25 மடங்குதான் கூடுது. மிச்சத்துக்குக் கோன் முன்னும் பின்னும் இன்னும் அதிக தூரம் ஓடணும். அதுக்கு நீளமான காயில், பெரிய காந்தம், சூடு தாங்குற கம்பி, அதிர்ந்து உடையாத கனமான பொட்டி எல்லாம் வேணும். ‘சின்னப் பொட்டி, ஆழமான பேஸ், குறைஞ்ச பவர்ல நிறைய சத்தம்... இந்த மூணுல ரெண்டைத்தான் எடுத்துக்கலாம், மூணாவதை விட்டுக் கொடுக்கணும்’கிறது ஸ்பீக்கர் டிசைன்ல ஒரு பழைய விதி. ஹாஃப்மன் விதின்னு சொல்வாங்க. சின்னப் பொட்டியில ஆழமா இறங்கணும்னா பெரிய ஆம்ப் வேணும். பெரிய ஆம்ப்னா காசு.

விலையில நியாயம் இருக்கு. ஆனா அந்த நியாயம் நமக்குப் பயன்படுதாங்கிறதுதான் கேள்வி.

3000 வாட்ஸ்... கிலோ என்ன விலை?

கடையில 2.1 செட் அட்டைப்பெட்டி மேல ‘3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்களே, அதைக் கண்ணை மூடிட்டுக் கடந்து போயிடுங்க. அது ஒரு கண்ணிமைக்கிற நேரத்துக்குக் கூட நிக்காத, மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட் சமைச்ச நம்பர். பொட்டிக்குப் பின்னாடி சின்ன எழுத்துல ‘பவர் கன்ஸம்ப்ஷன்’ போட்டிருக்கும். அங்க 60 வாட்ஸ்னு இருந்தா, 60 வாட்ஸ் கரன்ட் வாங்குற பொட்டி தொடர்ந்து 3000 வாட்ஸ் எங்கிருந்து கொடுக்கும்? நம்ம வீட்டு 5 ஆம்ப் பிளக்கே 230 வோல்ட்ல மொத்தமா 1150 வாட்ஸ்தான் தாங்கும். பார்க்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’னு போட்டிருக்கிற வாட்ஸை.

இன்னொண்ணு. வாட்ஸ் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்காகாது. கூடுறது 3 டெசிபல்தான். அதனால 100 வாட்ஸ் ஆம்பை 200 வாட்ஸா மாத்தினதுக்கு வீடே இடிஞ்சு விழும்னு கற்பனை பண்ணாதீங்க.

நம்ம ஊர் அசெம்பிள் செட்டுகளைக் கிண்டல் பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. 5200-1943 ஜோடி டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப் போர்டு, 4558 ஐசி போட்ட சப் ஃபில்டர் போர்டு, சரியான டிரான்ஸ்ஃபார்மர்... கை சுத்தமான மெக்கானிக் கட்டினா அது கேவலமான சரக்கே இல்ல. ரிப்பேரானா அதே தெருவுல சரி பண்ணிக்கலாம். வெளிநாட்டுப் பொட்டியில ஆம்ப் போர்டு போச்சுன்னா, அது எந்த ஊருக்குப் போய் எப்போ திரும்பி வரும்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

ரூம்தான் ஹீரோ... அதேதான் வில்லன்!

மெயின் மேட்டருக்கு வந்துட்டோம். 20 ஹெர்ட்ஸ் ஒலி அலையோட நீளம் எவ்வளவு தெரியுமா? 17 மீட்டர்! நம்ம அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தோட உயரம் 66 மீட்டர், அதுல கால்வாசி. இந்த நீளத்து அலையை 10 அடிக்கு 12 அடி ரூமுக்குள்ள அடைக்கிறோம். அது சும்மா இருக்குமா? சுவர்ல மோதித் திரும்பி, வர்ற அலையோட சேர்ந்து சில இடத்துல மலை மாதிரி எழும்பும், சில இடத்துல மொத்தமா காணாமப் போயிடும். இன்ஜினீயரிங் பாஷையில ‘ரூம் மோட்’.

அண்ணன் ரூம் 12 அடி நீளம். அதுக்குக் கணக்கு போட்டா சுமார் 47 ஹெர்ட்ஸ்ல இந்தக் கூத்து நடக்கும். 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். கூரை உயரமும் 10 அடி, அதுக்கும் அதே 56. அகலமும் உயரமும் ஒண்ணா இருந்தா ஒரே சுருதியில ரெண்டு கூத்து சேர்ந்து நடக்கும். அதனாலதான் சில பாட்டுல ஒரே ஒரு பேஸ் நோட்டு மட்டும் ‘ம்ம்ம்ம்’னு தேவையில்லாம ஊதிப் பெருக்கும்.

இதுல 47 ஹெர்ட்ஸ் எங்க காணாமப் போகும்? 12 அடி நீளத்துக்கு நட்டநடுவுல. அண்ணன் கட்டில் எங்க போட்டிருந்தார்? அதே நட்டநடுவுல! டி.வி. ஸ்டாண்டு அடியில சப் பாட்டுக்கு உழைக்குது. அந்த சத்தம் சுவர் ஓரமா எழும்புது. கட்டில்ல படுத்திருக்கிற மனுஷனுக்கு மட்டும் வந்து சேரல. ‘பேஸ் பத்தல, பெரிய சப் வாங்கணும்’னு அவர் முடிவு பண்ண இடம் அதுதான். அந்த இடத்துல லட்ச ரூபாய் சப்பைக் கொண்டு வந்து வெச்சாலும் 47 ஹெர்ட்ஸ் பள்ளம் பள்ளமாத்தான் இருக்கும்.

கட்டிலை ரெண்டடி பின்னால தள்ளினோம். கணக்குப்படி, சுவரோரத்துல இருக்கிற அழுத்தத்துல பாதி அந்த இடத்துக்கு வந்துடணும். வந்துச்சு. செலவு, கட்டில் இழுத்ததுல பெயர்ந்த ஒரு கீறல் சிமென்ட்!

அடுத்தது ‘தவழ்ற டெஸ்ட்’. உலகம் பூரா ஆடியோ பைத்தியங்க பண்ற வேலை இது. சப்பைத் தூக்கி நீங்க உட்கார்ற இடத்துல வைங்க. பேஸ் நல்லா ஓடுற பாட்டு ஒண்ணைப் போடுங்க. அப்புறம் குழந்தை மாதிரி தரையில தவழ்ந்துட்டே ரூமைச் சுத்தி வாங்க. எந்த இடத்துல பேஸ் ஊதாம, ஒளியாம, எல்லா நோட்டும் ஒரே மாதிரி கேட்குதோ, அங்க சப்பை வைங்க. இடத்தை மாத்திக்கிட்டாலும் சப்புக்கும் காதுக்கும் நடுவுல ஒலி ஒரே மாதிரிதான் நடந்துக்கும்கிற தத்துவம். பெரியம்மா எட்டிப் பார்த்து, “வேலைக்குப் போற புள்ள இப்படித் தவழுதே, யாராச்சும் செய்வினை வெச்சுட்டாங்களா?”ன்னு கேட்டதெல்லாம் தனிக் கதை.

மொபைல்ல ‘டோன் ஜெனரேட்டர்’ ஆப் இலவசமாவே கிடைக்கும். 40, 50, 60, 80னு ஒவ்வொரு ஹெர்ட்ஸா சின்ன சத்தத்துல ஓட விட்டு, எந்த இடத்துல எவ்வளவுன்னு இன்னொரு மொபைல்ல டெசிபல் பார்க்கலாம். மொபைல் மைக் அடி பேஸை முழுசாப் பிடிக்காது. ஆனா ஒரே ஹெர்ட்ஸை வெவ்வேற இடத்துல ஒப்பிடுறதுக்கு அது போதும். ஜாக்கிரதை, டோனை ஃபுல் வால்யூம்ல வெச்சுடாதீங்க, காயில் கருகிடும்.

இதே ரூம் இன்னொரு விஷயத்துல நமக்கு ஹீரோ. வெளிநாட்டுல நிறைய வீடு மரச்சட்டம், ஜிப்சம் பலகைன்னு கட்டுறாங்க. அந்தச் சுவர் பேஸைக் கொஞ்சம் குடிச்சுடும். நம்ம செங்கல், கான்கிரீட் அப்படியே திருப்பி அனுப்பும். கதவு ஜன்னல் மூடின சின்னக் கான்கிரீட் ரூம்ல, 47 ஹெர்ட்ஸுக்குக் கீழ காத்தழுத்தம் தானாவே ஏற ஆரம்பிக்கும். ஓசியில பேஸ்! ஆக, அமெரிக்காக்காரர் பெரிய ஹால்ல உட்கார்ந்து ‘இந்த 12 இன்ச் பத்தாது’ன்னு சொன்னா, அது அவர் ஹாலுக்கு. நம்ம பத்துக்குப் பன்னெண்டுக்கு இல்ல. என்ன, மே மாச திருவண்ணாமலை வெயில்ல ஜன்னலைத் திறந்து வெச்சா அந்த ஓசி பேஸும் வெளியே ஓடிடும்!

இன்னும் ஒரு டிப்ஸ். ஹர்மன் கம்பெனியில டாட் வெல்டி 2002-ல ஒரு ரூமுக்கு எத்தனை சப் தேவைன்னே ஆராய்ச்சி பண்ணினார். ஒரே சப்பை விட, எதிரெதிர்ச் சுவர் நடுவுல ரெண்டு சப் வெச்சா, ரூம்ல உட்கார்ற எல்லாருக்கும் பேஸ் சீராக் கிடைக்குதுன்னு காட்டினார். அதாவது ஒரு பெரிய காஸ்ட்லி பொட்டிக்குப் பதிலா ரெண்டு நடுத்தரப் பொட்டி சில ரூம்ல ஜெயிச்சுடும்.

லுங்கி டெஸ்ட்

“இதெல்லாம் பேப்பர்ல நல்லாருக்கு. காதுல கேட்டாத்தான் நம்புவேன்”னார் அண்ணன். நியாயம்தானே! வேலூர்ல இருக்கிற அவரோட ஃப்ரெண்டுகிட்ட அதே ரக 12 இன்ச் சப் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை காரோட பின் சீட்ல படுக்க வெச்சுக் கொண்டு வந்தார். மாடிப்படி ஏத்தறதுக்கு மூணு பேர் ஆச்சு.

கண்ணால பார்த்தா காது பொய் சொல்லும். இதை 1994-லயே ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் சோதிச்சுக் காட்டிட்டாங்க. ஸ்பீக்கரைப் பார்த்துக்கிட்டே கேட்டவங்க மார்க்கும், திரைக்குப் பின்னாடி வெச்சுக் கேட்டவங்க மார்க்கும் மாறிப் போச்சு. அதனால நாங்க குறுக்கால ரெண்டு லுங்கி கட்டி, பழைய 8 இன்ச்சையும் புது 12 இன்ச்சையும் பின்னாடி வெச்சோம். 60 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ரெண்டோட சத்தத்தையும் சமப்படுத்தினோம். இது ரொம்ப முக்கியம் மக்களே. கொஞ்சம் சத்தமா இருக்கிறதைத்தான் நம்ம காது ‘நல்லாருக்கு’ன்னு சொல்லும். கடையில டெமோ காட்டும்போது இந்த வித்தை நடக்கும், உஷார்!

நான் லுங்கிக்குப் பின்னாடி மாத்தி மாத்திப் போட்டேன். ராஜா சார் பாட்டு... யாராலயும் உறுதியாச் சொல்ல முடியல. அண்ணன் ரெண்டு தடவை பழைய பொட்டியைக் கேட்டு “இதான் புதுசு”ன்னார். மிருதங்கத் தனி ஆவர்த்தனம்... அதே குழப்பம். அப்புறம் ஒரு ஆங்கிலப் படத்துல கட்டடம் இடிஞ்சு விழுற சீன் போட்டேன். முதல் செகண்ட்லயே எல்லாரும் ஒரே குரல்ல “இதான்!” பீரோ கண்ணாடி கடகடன்னு ஆட, பரண்ல இருந்த எவர்சில்வர் அண்டா தாளம் போட, பெரியப்பா கீழ இருந்து “என்னடா இடிஞ்சுது?”ன்னு ஓடி வந்தார்.

ஆக, அந்த 75,000 பொய் இல்ல. பாட்டுல தெரியாத வித்தியாசம், படத்துல பளிச்னு தெரிஞ்சுது.

சுவருக்கு அந்தப் பக்கம்

கதை இங்கயே முடிஞ்சிருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் வரலைன்னா.

பாட்டி கிரிவலப் பாதையில பூ விக்கிறவங்க. விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்திரிக்கணும், ராத்திரி எட்டுக்கெல்லாம் படுத்துடுவாங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். சண்டைக்கு வரல, மெதுவாத்தான் சொன்னாங்க... “பாட்டுச் சத்தம் எல்லாம் கேக்கல கண்ணு. நெஞ்சுலதான் இடிக்குது.”

பாட்டி சொன்னது பக்கா ஃபிசிக்ஸ். சுவர் பேச்சுக்குரலை நல்லாத் தடுக்கும். ஆனா ஒவ்வொரு ஸ்தாயி கீழ இறங்கும்போதும் அந்தத் தடுப்பு சுமார் 6 டெசிபல் குறைஞ்சுட்டே போகும். பௌர்ணமி ராத்திரி தூரத்துப் பந்தல்ல போடுற பாட்டுல வரி ஒண்ணும் புரியாது, ‘டும் டும்’ மட்டும் வீட்டுக்குள்ள வரும்ல? அதே கதைதான். சின்ன அலை சுவர்லயும் காத்துலயும் தேய்ஞ்சு போகும். பெரிய அலை வளைஞ்சு, நுழைஞ்சு வந்துடும்.

இதுல சட்டத்துக்கும் ஒரு ஓட்டை இருக்கு. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் 45 டெசிபல்தான் அனுமதி. வீட்டுல போடுற செட்டோட சத்தம், வீட்டு எல்லையில சுத்துப்புற அளவை விட 5 டெசிபலுக்கு மேல கூடக் கூடாது. ஆனா இதை அளக்கிறது ‘ஏ’ வெயிட்டிங்ங்கிற முறையில. அந்த முறை 50 ஹெர்ட்ஸ் சத்தத்துல 30 டெசிபலைக் கழிச்சுடும். நிஜத்துல 75 டெசிபல் உறுமுற 50 ஹெர்ட்ஸ், மீட்டர்ல 45-னு காட்டும். மீட்டர் ‘ஓகே’ன்னு சொல்லும், பாட்டிக்குத் தூக்கம் போயிருக்கும். இந்த இடத்துல சட்டத்தை விட சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறதுதான் சரியான மீட்டர்.

அதுக்காக ராத்திரியில சத்தம் கம்மியா வெச்சா பேஸே இல்லாத மாதிரி இருக்கும். காரணம் பொட்டி இல்ல, காது. சத்தம் குறையக் குறைய நம்ம காதுக்கு முதல்ல செத்துப் போறது பேஸ்தான்னு ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லயே அளந்து சொல்லிட்டாங்க. அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர்ல ‘லவுட்னஸ்’னு ஒரு பட்டன் இருந்ததே, அது இதுக்குத்தான். ஆக, ராத்திரி பேஸுக்குத் தீர்வு பெரிய சப் இல்ல... ஒரு நல்ல ஹெட்போன்!

தீர்ப்பு என்ன?

அண்ணன் இ.எம்.ஐ. ஃபார்மை மடிச்சு வெச்சுட்டார். மாடிக்கு வெதரிங் கோர்ஸ் போட்டு, மேல தட்டோடு பதிக்க கொத்தனார் வந்துட்டுப் போயிட்டார். பெரியப்பா முகத்துல ஒரு வெற்றிச் சிரிப்பு. சப் டி.வி. ஸ்டாண்டை விட்டு நகர்ந்து, தவழ்ந்து கண்டுபிடிச்ச மூலையில இருக்கு. அடியில கனமான ரப்பர் துண்டு. எட்டு மணிக்கு மேல சப் ஆஃப். “அடுத்த வருஷம் போனஸ் வந்தா, இதே மாதிரி இன்னொரு 8 இன்ச் கட்டிக்கிறேன்டா. ரெண்டா வெச்சுப் பாப்போம்”னு இருக்கார். ஆசை போகல, அளவுக்கு வந்திருக்கு!

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. உங்களுக்குத் தனி வீடு, பெரிய ஹால், வாரத்துல நாலு படம், கடன் வாங்காத காசுன்னா... தாராளமா வாங்குங்க, ஒரு நாள் எங்களையும் கூப்பிடுங்க. மத்தவங்க கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிடுங்க:

1. நீங்க அதிகம் கேட்கிறது பாட்டா, பார்க்கிறது படமா? பாட்டுன்னா 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ காசு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

2. இருக்கிற சப்பையும் உட்கார்ற இடத்தையும் நகர்த்திப் பார்த்தாச்சா? பைசா செலவில்லாத அப்கிரேடு இதுதான்.

3. சப்போட வால்யூம், கிராஸ் ஓவர், 0-180 ஃபேஸ் சுவிட்ச் மூணையும் தொட்டுப் பார்த்தாச்சா? ஃபேஸ் தலைகீழா இருந்தா, சப்பும் ஸ்பீக்கரும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு பேஸ் காணாமப் போயிடும். ரெண்டு பக்கமும் மாத்தி, எதுல பேஸ் திடமா இருக்கோ அங்க விடுங்க.

4. கண்ணை மறைச்சு, சத்தத்தைச் சமப்படுத்தி, உங்க வீட்டு ரூம்லயே கேட்டுப் பார்த்தாச்சா? கடை டெமோ கணக்குல வராது.

5. சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குறாங்க? அவங்க எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்?

அஞ்சாவது கேள்விக்கு ஸ்பெக் ஷீட்ல பதில் இருக்காது. எழுந்து போய்க் கதவைத் தட்டிக் கேட்டாத்தான் தெரியும். கேட்டுட்டு வாங்க... அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட மீட் பண்றேன். வர்ட்டா!